வாடகை வெளிச்சம்

கல்யாணத்துக்கு அண்டாவும் குத்துவிளக்கும் வாடகைக்கு எடுப்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். தீயணைக்கும் சிலிண்டரை வாடகைக்கு எடுப்பது பஸ்காரர்களுக்கு மட்டும் தெரிந்த வழக்கம். திருவனந்தபுரத்தில் இரண்டையும் ஒரே கடையில் எடுக்கலாம். ஆரியசாலையில், வெங்காய மண்டிக்கும் சாக்குக் கடைக்கும் நடுவில் இருந்த அந்தக் கடைக்காரரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பேர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

நான் அப்போது ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தொண்ணூறுகளின் கடைசி. பாளையத்தில் புறப்பட்டு, தம்பானூர், கிள்ளிப்பாலம், கரமனை வழியாகப் பாப்பனங்கோட்டுக்குப் போகிற வண்டி. எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். தமிழில் சண்டை போடவும் மலையாளத்தில் சமாதானம் பேசவும் தெரிந்தவன் என்பதால் அந்த ரூட்டுக்கு நான் பொருத்தமாக இருந்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. டெஸ்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு வண்டிக்குள் விளக்குகள் எரிய வேண்டும், தீயணைக்கும் சிலிண்டர் தொங்க வேண்டும், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும், அவசர வழிக் கதவு திறக்க வேண்டும். மற்ற நாட்களைப் பற்றிச் சட்டம் என்ன சொன்னது என்பதை நான் படித்ததில்லை. முதலாளிகள் என்ன சொன்னார்கள் என்பது தெரியும். வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது என்பதற்காக எவனாவது அண்டாவை விலைக்கு வாங்குவானா என்று கேட்டார்கள். கேள்வியில் இருந்த நியாயத்தை ஊரில் முதலில் புரிந்துகொண்டவர் அண்ணாச்சி. ஏற்கெனவே அண்டாவும் பந்தல் சாமானும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவருக்கு இன்னொரு அலமாரி மட்டும்தான் தேவைப்பட்டது.

டெஸ்ட் அன்று காலையிலேயே சாக்கோடு வந்துவிடுவார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். சாக்குக்குள் சிவப்புச் சிலிண்டர், வெள்ளைப் பெட்டி, பழைய பேப்பரில் சுற்றிய டியூப் லைட்டுகள். சிலிண்டரைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துப் படியேறுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். எல்லாவற்றையும் அவரே மாட்டி, அவசர வழிக் கதவு ஆடாமல் இருக்க நாங்கள் கட்டியிருந்த கயிற்றையும் அவரே அவிழ்த்து, சுருட்டிப் பத்திரமாக வைப்பார். டெஸ்ட் முடிந்ததும் திரும்பக் கட்ட வேண்டுமல்லவா!

"அண்டா போனா தனியாப் போவும், தனியா வரும். இது அப்பிடி இல்லவே. இது போனா நானும் கூடப் போணும்" என்பார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற ஆள் மாதிரி டெஸ்ட் மைதானத்தின் வேலியோரமாக நின்று, இன்ஸ்பெக்டர் சாமான்களைத் தட்டிப் பார்ப்பதைக் கவலையோடு கவனித்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டியில் ஏறி, சிலிண்டரின் வயிற்றில் இருந்த நசுங்கலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "இவனெ ஞான் ராவிலெயும் கண்டல்லோ" என்றார். காலையில் வேறு வண்டியில் பார்த்த ஆசாமி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாச்சி வேலியோரத்திலிருந்தே, "அது இவனுக்க மூத்தவன் சார். பெறப்புலயே ரெண்டுக்கும் ஒண்ணுபோல மறு உண்டு" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதே மைதானத்தில்தான் எங்கள் டிரைவர் வைப்பரை மாட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டார். ரத்தம் சொட்டியது. நான் ஓடிப்போய் வெள்ளைப் பெட்டியைத் திறக்கப் பார்த்தேன். அண்ணாச்சி பாய்ந்து வந்து மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"அண்ணாச்சி, துளி பஞ்சு மட்டும்."

"பஞ்ச எடுத்தா பெட்டி கொறயுமேவே! நாளைக்கு இன்னொரு வண்டிக்குப் போண்டாமா?"

சொல்லிவிட்டு யோசிக்கவேயில்லை. தன் வேட்டியின் ஓரத்தை, சலவைக்குப் போய் வந்த நல்ல வேட்டி, பல்லால் கடித்துக் கிழித்து, டிரைவரின் கையை அவ்வளவு பதமாகக் கட்டினார். ஆஸ்பத்திரி வரை கூடவே போனார். மனுஷன் கல்நெஞ்சக்காரன் இல்லை. உபகாரி. தன்னுடைய எதை வேண்டுமானாலும் கொடுப்பார், வாடகைச் சாமானைத் தவிர.

சாமான் கெடுவதே உபயோகத்தால்தான் என்பது அவர் கட்சி. "அண்டா அடுப்புல ஏறுனாத்தான் அழகு. இது தொங்குனாலே அழகு" என்று சிலிண்டரைத் துணியால் துடைப்பார். இத்தனை வருஷத்தில் தன் சிலிண்டர் ஒன்றுகூடத் தீயைப் பார்த்ததில்லை என்று சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கேட்கிற நாங்களும் பெருமையாகத்தான் தலையாட்டுவோம்.

டெஸ்ட் முடிந்ததும் மைதான வாசலிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். நான் மரியாதைக்கு, "ஏறுங்க அண்ணாச்சி, கிள்ளிப்பாலத்துல எறக்கி விடுதோம்" என்பேன். ஒருநாளும் ஏறியதில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுமையாகிப் போன வண்டியின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்து, "இதுலயா? இதுல ஒரு சாமானும் இல்லையேவே, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கரமனை வீட்டிலிருந்து ஆரியசாலைக் கடைக்குத் தினமும் நடந்துதான் வருவார், மழையில் குடையோடு நடப்பார். எந்தெந்த வண்டியில் என்னென்ன இல்லை என்று அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எவருக்கும் தெரியாது.

ஒன்றே ஒன்று மட்டும் வாடகை இல்லை. டிரைவர் தலைக்கு மேலே பிள்ளையார், மாதா, மசூதி மூன்றும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். அதைச் சுற்றி ஓடும் சிவப்பு, பச்சை பல்பு மாலையை எல்லா வண்டிக்கும் அண்ணாச்சி சும்மாவே கொடுத்திருந்தார். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கக்கூடாதாம். ஆகவே வருஷம் முழுக்க எங்கள் வண்டிகளில் சாமிகளுக்கு வெளிச்சம் உண்டு. பயணிகளுக்குச் சாமிகள் உண்டு.

சாயங்காலம் ஆறு மணி தாண்டினால் வண்டிக்குள் ஆள் முகம் தெரியாது. சில்லறையைத் தடவித்தான் எண்ணுவேன். மூன்று மாதத்துக்கு முன்னால் முடிந்த பாஸைக் காட்டுகிறவன் தைரியமாகக் காட்டுவான். பெண்கள் முன்பக்கம் சாமி பல்புக்குக் கீழே ஒருவர் மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஏன் அப்படி நெருக்குகிறார்கள் என்று ஆண்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு எதற்கென்று நன்றாகவே தெரியும்.

அப்படி ஒரு மழைக்கால மாலையில்தான் அது நடந்தது. தம்பானூரில் கூட்டம் பிதுங்கி ஏறியது. மேம்பாலம் தாண்டுவதற்குள் நடுவிலிருந்து ஒரு பெண்ணின் சத்தம். "கையெடுடா!" பிறகு ஒரு ஆண் 'ஆ' என்று அலறினான். ஊக்கால் குத்தியிருக்கிறாள். யார் யாரைக் குத்தியது, எந்தக் கை யாருடையது, ஒன்றும் தெரியவில்லை. எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் யோக்கியர்களாகிவிட்டார்கள்.

"கண்டக்டர், லைட் இடுங்க! எவன்னு பாக்கட்டு" என்றாள் அவள், முதலில் மலையாளத்தில், பிறகு என் பேச்சைக் கேட்டுத் தமிழில்.

"லைட் இல்ல தங்கச்சி."

"எதுக்கு இல்ல?"

எனக்குக் கூட்டத்தின் எரிச்சல். "லைட்டெல்லாம் ஆரியசாலையில அண்ணாச்சி கடை அலமாரியில பத்திரமா இருக்கு. அடுத்த டெஸ்ட்டுக்கு வரும்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவள் கரமனையில் இறங்கிப் போனாள். அவள் அண்ணாச்சியின் ஒரே மகள் என்பதும், பாளையத்தில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பதும், அப்பாவுக்கு இப்படி ஒரு அலமாரி இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்தது மறுநாள்தான்.

மறுநாள் காலையில் பாப்பனங்கோட்டில் வண்டி எடுக்கும் முன்பே அண்ணாச்சி சாக்கோடு நின்றிருந்தார். டெஸ்ட்டுக்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருந்தது. நேராக ஏறி டியூப் லைட்டுகளை மாட்டினார், பெட்டியை வைத்தார், சிலிண்டரைத் தொங்கவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வாடகைக்கு ஆரு சொன்னது?"

"இருக்கட்டும்வே" என்றார். முகம் தூங்காத முகம். அப்புறம் மெல்ல, "நேத்து உம்ம வண்டியில நின்னவ எம்மவ" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் பாளையத்தில் வண்டி பளபளவென்று வந்து நின்றது. கூட்டமே ஒரு நிமிஷம் தயங்கியது, இது வேறு ஏதோ கல்யாண வண்டி என்று. அவள் படியில் ஒரு கால் வைத்தாள். உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தாள், சிவப்புச் சிலிண்டரைப் பார்த்தாள், காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால் வந்த இருட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அண்ணாச்சி கிள்ளிப்பாலத்தில் காத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே தேடினார். "எங்கவே?" என்றார். பின்னால் வருகிற வண்டியைக் காட்டினேன். மறுநாள் காலை அந்த வண்டிக்குச் சாமான் போயிற்று. சாயங்காலம் அவள் மூன்றாவது வண்டியில் ஏறினாள்.

"வீட்டுல சொல்லிப் பாருங்களேன்" என்றேன்.

"சொல்லாம இருப்பனாவே? எல்லா வண்டியிலயும் போடுங்க, பொறவு எதுல வேணும்னாலும் ஏறுதேன்னு சொல்லுதா. ஒரு வண்டிக்கு மட்டும் போட்டா அதுல ஏறவே மாட்டாளாம். அவளுக்க அம்மை அழுது பாத்தாச்சு." சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டார். "எம்மவதானவே. பிடிச்சா விடமாட்டா."

அவருடைய கடையில் அண்டாக்களுக்கு நடுவில் ஒரு பெரிய போராட்டம் நடந்திருக்க வேண்டும். ஒரே சிலிண்டரை அண்ணன் தம்பியாக்கி நடத்திய வியாபாரம். கரமனை வழியாகப் போகிற எல்லா வண்டிக்கும் போட வேண்டுமென்றால் புதிதாக வாங்க வேண்டும். வாங்கினார். பழைய சிலிண்டர்களை மருந்து நிறைக்கவும் கொடுத்தார். அவை திரும்பி வந்த அன்று வழக்கம்போல ஒற்றைக் கையால் இடுப்பில் தூக்கப் போனவர், படியில் தடுமாறி என் மேல் சாய்ந்தார்.

"கனமாட்டு இருக்கேவே!" என்றார், யாரோ ஏமாற்றிவிட்டது போல. இத்தனை வருஷமும் எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம் என்று அவருக்கும் அன்றுதான் உறைத்தது. எனக்கும்தான். அப்புறம் எப்போதும் இரண்டு கையால்தான் தூக்குவார்.

மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் ரூட்டில் எல்லா வண்டியிலும் விளக்கு எரிந்தது. ஊரில் வேறு எந்த ரூட்டிலும் இந்த அதிசயம் இல்லை. முதல் சில நாள் பயணிகளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தினமும் ஒன்றாகப் போகிறவர்கள் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழைய பாஸ் வைத்திருந்த பெரிய மனிதர்கள் நடந்து போக ஆரம்பித்தார்கள். பெண்கள் வண்டி முழுக்கப் பரவி நின்றார்கள். டிரைவர் மட்டும் விளக்கு முன்கண்ணாடியில் தெரிந்து ரோட்டை மறைக்கிறது என்று முணுமுணுத்து, தன் சீட்டுக்குப் பின்னால் ஒரு தோர்த்துத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டார். அவசரக் கதவின் கயிற்றையும் அண்ணாச்சி எடுத்துப் போய்விட்டார். கதவு கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

வேறு ரூட் முதலாளிகள் கொதித்தார்கள். டெஸ்ட் நெருங்குகிறது, சாமான் கேட்டால் கடையில் இல்லை என்கிறாராம். ஒரு முதலாளி நேரில் போய், இப்படியே போனால் நாங்கள் சொந்தமாக வாங்கிப் போட்டுவிடுவோம் என்று மிரட்டினார். அண்ணாச்சி அசரவில்லை. அந்த அளவுக்கெல்லாம் அவர்கள் போகமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து வந்த கோடையில் தம்பானூரில் எங்கள் வண்டியின் பாட்டரிப் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. கூட்டம் அலறிக்கொண்டு ஆடுகிற அவசரக் கதவு வழியாகக் குதித்தது. நான் சிலிண்டரை எடுத்து ஊசியைப் பிடுங்கி அடித்தேன். வெள்ளையாகப் பொங்கி வந்து அணைத்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செய்தி கேட்டு அண்ணாச்சி ஓடி வந்தார். மகள் அன்று வேறு வண்டியில் போயிருந்தாள். காலியான சிலிண்டரைத் தடவிக்கொண்டு சற்று நேரம் நின்றார். எங்கே திட்டப் போகிறாரோ என்று பயந்தேன். கிழவி அவர் கையையும் பிடித்துக்கொண்டு, "தெய்வமாணு அண்ணாச்சீ" என்றாள். அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாளே மருந்து நிறைத்துக் கொண்டுவந்து மாட்டினார்.

மனுஷன் மாறிவிட்டார் என்று நாங்கள் நம்பினோம். டீக்கடையில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டோம். நான் வீட்டில் என் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

மகளுக்குத் திருநெல்வேலியில் மாப்பிள்ளை அமைந்தது. கரமனையில் மண்டபம் எடுத்து, தன் கடை அண்டாவிலேயே சமைத்து, ரூட்டில் ஓடுகிற டிரைவர், கண்டக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தார். பாயசத்தை அவரே ஊற்றினார். மணமேடையில் நான் பரிசைக் கொடுத்தபோது அந்தப் பெண் கேட்டாள், "அண்ணா, லைட்டெல்லாம் எரியுதுல்லா?"

"ஜோரா எரியுது தங்கச்சி."

"நான் போனப் பொறவும் எரியும் இல்லியா?"

"பின்ன?" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அண்ணாச்சி ஊர் திரும்பிய வாரம். பாளையத்தில் ஆள் ஏற்றுகிற நேரம், இருட்ட ஆரம்பித்திருந்தது. வண்டி நிறைந்திருந்தது. அவர் படியேறி வருவதைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கல்யாண விசாரிப்பு முடியும் முன்பே அவர் சாக்கை விரித்துவிட்டார். உட்கார்ந்திருந்த அம்மாவிடம் காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும்படி பணிவாகச் சொல்லி, வெள்ளைப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். அப்புறம் டியூப் லைட்டில் கை வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள். நடுவில் நின்ற ஒரு பெண், அவர் மகள் வயதுதான் இருக்கும், தோள்பையை முன்னால் இழுத்து அவருக்கு இடம் விட்டாள். அவர் சிலிண்டரை இரண்டு கையாலும் இறக்க வேண்டியிருந்ததால், கழற்றிய டியூபை அவளே வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீய?" என்றேன். "வண்டி நெறைய ஆளு இருக்கே."

அவர் நிமிர்ந்தார். நான் சொன்னதற்கு மரியாதை கொடுத்து, முன்னால் இருந்து கடைசி சீட் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏமாற்றுகிற பார்வையே இல்லை. உண்மையாகவே தேடினார்.

"எங்கவே?" என்றார். "நம்ம ஆளு ஒருத்தரும் இல்லையே."

அந்தப் பெண் டியூபை இரண்டு கையாலும் பத்திரமாக நீட்டினாள். அவர் அதைப் பேப்பரில் சுற்றிச் சாக்கில் செருகினார். மெதுவாகப் படியிறங்கி, ரோட்டில் நின்று, என்னவோ மறந்தவர் போலத் திரும்பினார். வண்டிக்குள் அவள் முகம் தெரியவில்லை. குத்துமதிப்பாக அவள் நின்ற பக்கம் பார்த்து, பெற்ற மகளிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"தாயி, ஒரே இருட்டா இருக்கு. பாத்து எறங்கணும், என்ன?"

"செரி அண்ணாச்சி" என்றது உள்ளிருந்து ஒரு குரல். நான் இரட்டை மணி அடித்தேன். வண்டி புறப்பட்டது.